பிள்ளைக்கு ஒரு பல்லா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. ராமேசுவரம் தீவில் ஒரு கடற்கரைக் கிராமம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இரண்டாவது முறையாகக் கர்ப்பமாக இருக்கிறேன். இப்போது 22 வாரம். மூன்றாம் மாதத்திலிருந்தே பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. ஈறு சிவந்து, கீழ்ப்பற்களுக்கு நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. சில நாள் காலையில் தலையணையிலும் ரத்தக் கறை இருக்கிறது. "பிள்ளை உண்டானால் ஒரு பல் போகத்தான் செய்யும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பல்லில் கை வைக்கக் கூடாது" என்கிறார் மாமியார். அவர் சொன்னபடி பிரஷை விட்டுவிட்டு, ஒரு மாதமாக உமிக்கரியை விரலால் தொட்டுத் தேய்க்கிறேன். ரத்தம் குறையவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருக்கும் கணவர், செல்போனில் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினார். ஈறு நோய் இருந்தால் குழந்தை குறைமாதத்தில் பிறக்குமாம். எச்சிலைப் பரிசோதித்தால் அது முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். எடை 1 கிலோ 900 கிராம். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்திலும் எனக்கு ஈறில் ரத்தம் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அப்படிப் பிறந்ததற்கு என் பல்தான் காரணமா? எச்சில் பரிசோதனையை எங்கே செய்வார்கள்? மதுரைக்குப் போக வேண்டுமா? எவ்வளவு செலவாகும்? எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் ஈறு கெட்டதா?

பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே, அவசரமாகச் செய்ய வேண்டியதை மட்டும் உங்கள் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டுவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது உங்களுக்காகவும், இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கும் மற்றவர்களுக்காகவும்.

நான்கைந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாதது ஒன்றுதான். அந்த ஒரு வரியில் மட்டும் பேனா தாளில் அழுந்தியிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகள் எட்டாம் மாதத்தில் பிறந்ததற்கு உங்கள் பல்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். இது உங்களைத் தேற்றுவதற்கான பேச்சு அல்ல. உங்களுக்கு வந்த சந்தேகம் மருத்துவ உலகத்துக்கும் வந்தது. வந்ததோடு நில்லாமல் அதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

1996இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், ஸ்டீவன் ஆஃபன்பாக்கர் என்ற ஈறு நோய் நிபுணரும் அவருடைய சகாக்களும் 124 பெண்களின் வாயைப் பரிசோதித்தார்கள். குறைமாதத்தில், எடை குறைந்த குழந்தையைப் பெற்றவர்களிடம் ஈறு நோய் கூடுதலாக இருந்தது. கணக்குப் போட்டால் ஆபத்து ஏழு மடங்கு என்று வந்தது. பெரிய பரபரப்பு. உங்கள் கணவர் செல்போனில் படித்தது அந்தப் பரபரப்பின் பேரப்பிள்ளை. ஆனால் இரண்டு சங்கதிகள் சேர்ந்தே காணப்படுவது வேறு, ஒன்று மற்றதை உண்டாக்குவது வேறு. புகையிலை, சர்க்கரை நோய், மருத்துவரிடம் போக வழியில்லாத வறுமை, இவையெல்லாம் ஈறையும் கெடுக்கும், பிரசவத்தையும் முந்தச் செய்யும். அப்படியானால் குற்றவாளி ஈறா, ஈறையும் சேர்த்துக் கெடுத்த வேறொன்றா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஈறு நோய் உள்ள கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கர்ப்பத்திலேயே சிகிச்சை கொடுத்து, மீதிப் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்து, இரு பக்கமும் குழந்தைகள் எப்போது பிறக்கின்றன என்று பார்ப்பது. 823 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 12 பேருக்குக் குறைப்பிரசவம். சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு கிட்டத்தட்ட 13 பேர். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2009இல் இன்னும் பெரிய ஆய்வு ஒன்றை ஆஃபன்பாக்கரே முன்னின்று நடத்தினார். அதிலும் சிகிச்சையால் குறைப்பிரசவம் குறையவில்லை. தான் கிளப்பிய சந்தேகத்தைத் தானே சோதித்து, விடை தனக்குச் சாதகமாக இல்லாதபோதும் வெளியிட்ட மனிதர் என்பதால் எனக்கு அவர்மீது தனி மரியாதை உண்டு.

இந்த விடை இரண்டு பக்கமும் வெட்டும். ஈறைச் சுத்தம் செய்துகொண்டால் குறைப்பிரசவம் வராது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அது பொய். அதே விடையின் மறுபக்கம்: அன்றைக்குப் பல் மருத்துவரிடம் போயிருந்தால் மகள் முழு மாதத்தில் பிறந்திருப்பாளே என்று நீங்கள் உங்களையே குத்திக்கொண்டிருக்கிறீர்களே, அதற்கும் ஆதாரம் இல்லை. குறைப்பிரசவங்களில் கணிசமானவற்றுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. காரணம் தெரியாத இடத்தில் தாய் தன் பெயரை எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த முதல் பிரசவம் வேறொரு வகையில் மிக முக்கியம். இது பல் மருத்துவரான என் துறை இல்லை. என்றாலும் சொல்லாமல் விட முடியாது. ஒருமுறை குறைமாதத்தில் பிரசவித்தவருக்கு மறுமுறையும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவருக்கு இது தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வைத்திருக்கும் பதிவிலும் உங்கள் கையில் இருக்கும் கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையிலும் 'முதல் குழந்தை எட்டாம் மாதம், 1 கிலோ 900' என்று எழுதியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்ப்பது உண்டு. அதைச் செய்வது பெரும்பாலும் 16 முதல் 24 வாரத்துக்குள். நீங்கள் 22இல் இருக்கிறீர்கள். தேவைப்பட்டால், கர்ப்பத்தைத் தாங்கி நிறுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தும் கொடுப்பார்கள். சிறுநீரில் கிருமி, ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். அஞ்சலட்டையில் நான் அவசரம் என்று எழுதியது இதைத்தான், பல்லை அல்ல. எச்சில் பரிசோதனைக்காக மதுரைக்குப் போக வைத்திருக்கும் பணத்தையும் நாளையும் இதற்குச் செலவிடுங்கள்.

இனி எச்சில்.

கணவர் படித்தது முழுப் பொய் இல்லை. எச்சிலைப் பற்றி நம் ஊரில் நல்ல வார்த்தையே கிடையாது. எச்சில் பட்டால் தீட்டு, எச்சில் துப்பினால் அவமானம். ஆனால் எங்களுக்கு அது ஒரு செய்தித்தாள் மாதிரி. ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்து வருவது மட்டும் அல்ல அது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பள்ளம் இருக்கிறது. அதிலிருந்து கசியும் நீரும் எச்சிலில்தான் கலக்கிறது. ஈறில் அழற்சி வந்தால், அதாவது அது சிவந்து வீங்கினால், அந்தக் கசிவு கூடும். அதனோடு உடம்பின் காவல் படை விட்டுச்சென்ற தடயங்களும் சேர்ந்து வரும். இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்பவை செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ஆபத்துத் தந்திகள். சிஆர்பி என்ற புரதம் கல்லீரலில் உண்டாகி ரத்தத்தில் வருவது. எம்எம்பி-8 என்பது வெள்ளணுக்கள் கொட்டும் ஒரு நொதி. பல்லை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்களை அறுப்பது அதுதான்.

இவற்றோடு புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்று ஒன்றும் இருக்கிறது. நாள் கடந்தும் வலி வராத பெண்களுக்குப் பிரசவ அறையில் ஒரு ஜெல் வைப்பார்களே, அதில் இருப்பது இந்தப் பொருள்தான். கருப்பை வாயைப் பதமாக்கி வலியைத் தூண்டும். அதே பொருள் வீங்கிய ஈறிலும் சுரக்கிறது என்பதைப் பார்த்துத்தான், வாயில் எரியும் தீயின் பொறி கருப்பை வரைக்கும் பறக்குமோ என்ற எண்ணமே அந்த நாளில் எழுந்தது. எண்ணம் அழகானது, நானும் படிக்கிற காலத்தில் அதை நம்பினேன். சிகிச்சை ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அப்படியானால் எச்சிலில் இவற்றை அளந்து பார்த்தால் என்ன? ஆராய்ச்சிக்கூடங்களில் அளக்கிறார்கள். எம்எம்பி-8ஐப் பல் மருத்துவரின் நாற்காலி அருகிலேயே சில நிமிடங்களில் காட்டும் பட்டைகள்கூட வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியேதான். சிக்கல் அளப்பதில் இல்லை, அளந்ததற்கு அர்த்தம் சொல்வதில் இருக்கிறது.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதை நீங்கள் சிறு வயது முதல் பார்த்திருப்பீர்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. எந்த எண்ணுக்கு என்ன பொருள், எந்த எண் ஏறினால் படகை என்ன செய்ய வேண்டும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கூண்டைப் பார்த்ததும் கரையில் இருப்பவருக்கு வேலை தெரிகிறது. எச்சிலில் இருக்கும் இந்தப் பொருட்களுக்கு, கர்ப்பிணிகள் விஷயத்தில், அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட எண் இன்னும் இல்லை. காலையில் எடுத்த எச்சிலும் மாலையில் எடுத்த எச்சிலும் ஒன்றாக இருக்காது. சாப்பிட்ட பிறகு மாறும். வாந்தி எடுத்த பிறகு மாறும். ரத்தம் ஒரு துளி கலந்தால் கணக்கே புரண்டுவிடும். கர்ப்பமே உடம்பின் அழற்சிக் கணக்கைத் திருத்தி எழுதும் ஒரு நிலை. கர்ப்பத்தில் ஈறு மோசமாகியும் எச்சிலில் எம்எம்பி-8 அதற்கேற்பக் கூடவில்லை என்று பின்லாந்து ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஈறு அழுகிறது, எச்சிலோ ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது! இதை வைத்து ஒரு தாயிடம் நான் என்ன சொல்வது?

1990களின் இறுதியில் அமெரிக்காவில், எச்சிலில் எஸ்ட்ரியால் என்ற ஹார்மோனை அளந்து குறைப்பிரசவத்தைக் கணிக்கும் ஒரு பரிசோதனைக்கு அனுமதியே கிடைத்தது. வீண் எச்சரிக்கைகள் அதிகம் தந்ததால் அது நிலைக்கவில்லை. வீண் எச்சரிக்கை என்றால் சாதாரண விஷயம் இல்லை. ஒன்றுமில்லாத பெண்ணை மூன்று மாதம் கலங்கவைப்பது அது. ஒரு செய்தித் துணுக்கே உங்களை என்ன பாடுபடுத்துகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே, எங்கே செய்வார்கள் என்ற கேள்விக்கு என் பதில்: எங்கேயும் செய்ய வேண்டாம். யாராவது தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம். எச்சில் எந்த எண்ணைக் காட்டினாலும் உங்கள் ஈறுக்கு நான் செய்யப்போகும் சிகிச்சை ஒன்றேதான். அதைத் தீர்மானிக்க மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி போதும். அதை ஈறின் பள்ளத்தில் மெதுவாக விட்டுப் பார்ப்போம். 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு மட்டும் வீங்கியிருக்கிறது என்று பொருள். 4, 5 என்று ஆழம் கூடி, பல்லைப் பிடித்திருக்கும் பிணைப்பும் விட்டிருந்தால் நோய் எலும்பை நோக்கி இறங்கிவிட்டது. பெரியவர்கள் 'பயோரியா' என்பார்களே, அது. முதலாவது முழுமையாகத் திரும்பிவரக்கூடியது. இரண்டாவதில் போன எலும்பு போனதுதான், மேலும் போகாமல் நிறுத்தலாம்.

உங்களுடையது எது? பார்க்காமல் சொல்வது முறையில்லை. இந்த வயதில், மூன்றாம் மாதத்தில் தொடங்கி, பற்களுக்கு நடுவில் புடைத்து நிற்கிறது என்றால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வருகிறது. ஹார்மோன்கள் ஏறும்போது ஈறின் ரத்தக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்குகின்றன. அந்த ஹார்மோன்களையே தீனியாகப் பயன்படுத்திப் பெருகும் ஒரு பாக்டீரியாவும் வாயில் இருக்கிறது. பிரிவோடெல்லா இன்டர்மீடியா என்று பெயர். எட்டாம் மாதம் வரை ஏறி, அதன் பிறகு மெல்ல இறங்கும்.

ஆனால் ஹார்மோன் தானாக ஈறைக் கெடுப்பதில்லை. பல்லின் கழுத்தில் படிந்திருக்கும் அழுக்குப் படலம்தான் காரணம். ஹார்மோன் அதைப் பெரிதுபடுத்திக் காட்டும் பூதக்கண்ணாடி. இங்கேதான் மாமியாரின் யோசனை உங்களைக் கெடுத்துவிட்டது. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவர், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பவும் துலக்கச் சொன்னார்; சில நாளில் ஈறு பழையபடி ஆனது. கர்ப்பமே இல்லாதவர்களுக்கு மூன்று வாரம். நீங்கள் கர்ப்பத்தோடு ஒரு மாதமாக பிரஷை விட்டிருக்கிறீர்கள். ரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்துவது, குப்பை நாறுகிறது என்று கூட்டுவதை நிறுத்துவது போல.

உமிக்கரியை விட்டுவிடுங்கள். பளபளப்பு வரும், உண்மைதான். அது பல்லின் மேற்பூச்சைச் சுரண்டி வந்த பளபளப்பு. விரலும் பற்களுக்கு நடுவில் போகாது. மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை, காலையும் இரவும் இரண்டு நிமிடம். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷைச் சற்றுச் சாய்த்து வைத்து மெதுவாக அசையுங்கள். முதல் ஐந்தாறு நாள் ரத்தம் வரத்தான் செய்யும்; பயந்து நிறுத்தாதீர்கள். பசையின் வாசனை குமட்டினால் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் துலக்குங்கள், அதுவே பாதிக்கு மேல் வேலையைச் செய்துவிடும். வாந்தி எடுத்த உடனே மட்டும் துலக்காதீர்கள். வயிற்றின் அமிலம் பல்லை இளக்கி வைத்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். ஈறு வலித்தால் கிராம்புத் தைலத்தை ஊற்றாதீர்கள். ஈறு வெந்துபோய் வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும். கடல் தண்ணீரே உப்புதானே என்று சிலர் கேட்பார்கள். கரையோரத் தண்ணீரில் உப்பு மட்டுமா இருக்கிறது?

உப்பு என்றதும் நினைவு வருகிறது. உங்கள் ஊர்க் கிணற்றின் உப்புக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பில்லை. அந்தத் தண்ணீரைப் பற்றிக் குறைபட எத்தனையோ இருக்கின்றன. இந்தப் பழியை மட்டும் அதன்மேல் போட வேண்டாம். குண்டு மிளகாய் அரைத்த மீன் குழம்பும் புண்ணான ஈறில் எரியுமே தவிர நோயை உண்டாக்காது.

வீட்டில் துலக்குவது புதிதாகப் படிவதைத்தான் எடுக்கும். ஏற்கெனவே இறுகிக் கல்லாகிப் போன காரையை பிரஷ் எடுக்காது. அதற்கு 'ஸ்கேலிங்' செய்ய வேண்டும். "சுரண்டினால் பல் ஆடும்" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வரும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி என்ன செய்கிறார்கள் என்று கணவரைக் கேளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவார்கள். சுரண்டியதும் ஒரு பலகை அரித்துப் போயிருப்பது தெரிந்தால், சுரண்டியதால் அரித்தது என்று எந்தப் படகுக்காரரும் சொல்வதில்லை. இவ்வளவு நாள் அது சிப்பிக்கு அடியில் மறைந்திருந்தது என்று அவருக்குத் தெரியும். பல்லும் அப்படித்தான். காரை பற்களை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஆட்டம் தெரியாமல் இருந்திருக்கும்.

கர்ப்பத்தில் இதைச் செய்துகொள்ளலாமா? செய்யலாம். மேலே சொன்ன ஆய்வுகளில் குறைப்பிரசவம் குறையவில்லை என்பது ஒரு செய்தி. சிகிச்சையால் தாய்க்கோ சேய்க்கோ கெடுதல் வரவில்லை, ஈறு தேறியது என்பது அதே அளவு முக்கியமான இன்னொரு செய்தி. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் முடிய வசதியான காலம். குமட்டல் அடங்கியிருக்கும், வயிறும் மல்லாந்து படுக்க முடியாத அளவுக்குப் பெருத்திருக்காது. மரத்துப்போகும் ஊசி தேவைப்பட்டால் லிக்னோகெயின் போட்டுக்கொள்ளலாம். அவசியமென்றால் ஈயக் கவசம் போட்டு ஒரு எக்ஸ்-ரேயும் எடுக்கலாம். நாற்காலியில் சாயும்போது வலது இடுப்புக்கு அடியில் ஒரு சிறு தலையணை கேளுங்கள். நேராக மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

மருந்துக் கடையில் 'பல் வலி மாத்திரை' என்று கேட்டு வாங்கி விழுங்குவதுதான் எனக்குப் பயம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உங்களுக்கு இப்போது ஆகாது. டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் வகை குழந்தையின் பற்களில் கறையாக நிற்கும். வலி பொறுக்க முடியாவிட்டால் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். முகம் வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மாத்திரையோடு நிற்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கீழ்ப்பற்களுக்கு நடுவில் புடைத்திருப்பது ஒரு பட்டாணி அளவுக்கு வளர்ந்து, தொட்டாலே ரத்தம் கொட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கர்ப்பிணிகளுக்கு அப்படி ஒரு சதைக்கட்டி வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு, பாசி எடுக்கும் பெண் ஒருவர் எட்டாம் மாதத்தில் அப்படி ஒரு கட்டியோடு என்னிடம் வந்தார். புற்றுநோய் என்று தானே முடிவு செய்துகொண்டு, பிள்ளையை யார் வளர்ப்பது என்பது வரை அக்காவிடம் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். சுற்றியிருந்த காரையை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். பிரசவமாகி இரண்டு மாதத்தில் கட்டி சுருங்கி, இருந்த இடமே தெரியவில்லை. பெயரில் கட்டி என்று இருந்தாலும் அது புற்று அல்ல. ஆனாலும் கட்டி எதுவானாலும் ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை பார்த்தார்களா? குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்திருப்பார்கள். 140க்கு மேல் வந்திருந்தால் பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும்; ஈறு கெட்டுக் கிடந்தால் சர்க்கரை அடங்க மறுக்கும்.

பிள்ளைக்கு ஒரு பல் என்ற கணக்குக்கு வருகிறேன். குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது இது. பல்லில் இருக்கும் சுண்ணாம்பு பூட்டி வைத்தது; கருவில் இருக்கும் குழந்தை அதை எடுக்க வழியே இல்லை. சாப்பாட்டில் போதாவிட்டால் எலும்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதற்கு முள்ளோடு தின்னும் நெத்திலி உங்கள் ஊரில் இருக்கிறது, சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையும் இருக்கிறது. ஆனாலும் மாமியார் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அவர் காலத்துப் பெண்களுக்குப் பிள்ளைக்கு ஒன்றாகப் பல் விழவே செய்தது. அடுத்தடுத்துப் பிரசவம், ஒவ்வொரு முறையும் வீங்கிய ஈறு, ஒவ்வொரு முறையும் 'கை வைக்கக் கூடாது'. ஆகவே அவரோடு சண்டை போடாதீர்கள். நான் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவுக்கும் மகப்பேறு பிரிவுக்கும் ஒரே நாளில் போய்விட்டு வரலாம். செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். ஜூன் 14 வரை கணவர் கரையில்தான் இருப்பார், துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகளையும் கூட்டிப் போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பால் பற்களின் மேற்பூச்சு சற்று மெலிந்திருப்பதுண்டு, அவள் பற்களையும் ஒரு பார்வை பார்க்கட்டும். முடிந்தால் மாமியாரையும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவராக இருந்தால் அவர் வாயைத்தான் நான் முதலில் திறக்கச் சொல்வேன்.